உப்பளத்துப் பெண்களின் மழைக்காலம்

விடியற்காலை மூன்று மணிக்கே சோறு வடித்துவிட்டு, முத்துநகரான தூத்துக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்கள் உப்பளத்துக்குக் கிளம்புகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிச் சுமந்தாக வேண்டும். பாதத்து வெடிப்பில் உப்புநீர் இறங்கும் எரிச்சலைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்தான் பேச்சு. கழிப்பறை இல்லாத அளங்களில் தண்ணீர் குடிக்காமலே பொழுதைத் தள்ளுகிறார்கள். இதைத் தியாகம் என்று மெச்சிவிட்டு நகர நமக்கு மனம் வரவில்லை. எந்தத் தாயிடமும் கேட்கக் கூடாத தியாகம் இது.

மழை பிடித்தால் வேலை இல்லை. 2021-இல் தமிழக அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணம் நல்ல தொடக்கம்தான். ஆனால் மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். நாளுக்கு 55 ரூபாய்கூடத் தேறாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய மழையில் பாத்திகள் மூழ்கின. உப்போடு கூலியும் கரைந்தது. இப்படிப்பட்ட நாளில் முதலில் அடகுக் கடைக்குப் போவது வீட்டுப் பெண்ணின் கம்மல்தான்.

நிவாரணத்தை விலைவாசிக்கேற்ப உயர்த்த வேண்டும். அடுத்த உப்புப் பருவத்துக்குள் ஒவ்வோர் அளத்திலும் கழிப்பறை, குடிநீர், நிழற்கூரை, ரப்பர் காலணி, கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா என்று தொழிலாளர் துறை நேரில் போய்ப் பார்க்கட்டும். விடிவதற்கு முன்பே போகட்டும்.