உடைந்த சில்லுகள் சொன்ன உண்மை

"விழுந்து நொறுங்கவா இத்தனை செலவு?" அமெரிக்காவின் ஜெனிசிஸ் விண்கலத்தைப் பற்றி இப்படிக் கேட்போர் உண்டு.

2001-இல் ஏவப்பட்ட அக்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் பொன், சிலிக்கன், நீலக்கல் முதலியவற்றாலான தகடுகளை விரித்து, சூரியக் காற்றின் அணுக்களை ஈராண்டுகளுக்கு மேல் சேகரித்தது. 2004 செப்டம்பர் 8-இல் திரும்பியபோது பாராசூட் விரியவில்லை. யூட்டா பாலைவனத்தில் மோதி உடைந்தது. வேகம் குறைவதை உணரவேண்டிய சிறு கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தனவாம்! வரைபடத்திலேயே பிழை.

ஆயினும் அதைத் தோல்வி என்பதை நான் ஏற்கமாட்டேன். மண் படிந்தது தகட்டின் மேலே. அணுக்கள் புதைந்திருந்ததோ தகட்டின் உள்ளே. அறிஞர்கள் சில்லுகளைப் பொறுக்கி, கழுவி, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். சூரியனில் உள்ளதைவிடப் பூமியில் ஆக்சிஜன்-16இன் விகிதம் குறைவு என்ற முடிவு 2011-இல் வெளியாயிற்று. ஒரே முகிலில் பிறந்த இரண்டும் ஒரே கலவையால் ஆனவையல்ல!

வானொலி அலையில் வரும் செய்தி, அன்று அனுப்பிய கருவி கண்டதை மட்டுமே சொல்லும். கையில் உள்ள பொருளையோ நாளை பிறக்கும் கருவியும் ஆராயலாம். எனவே, செலவு வீணன்று.

ஆய்வுக்கூடத்தில் ஒரு குழாய் உடைந்தால் சோதனையையே கைவிடும் நண்பர்களே, வரைபடத்தை இருமுறை பாருங்கள். உடைந்தாலும் சில்லுகளை எறிந்துவிடாதீர்கள்!