எளிய கணக்கா, கடினமான கணக்கா?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் வால்பாறை வீடுகளில் ஒரு விசாரம் பிறந்துவிடுகிறது: "பதினொன்றாம் வகுப்பில் கணிதமா, வணிகக் கணிதமா?" நம்மிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் பலரும், "எதில் மார்க்கு சுலபமாக வரும்?" என்றே தொடங்குகிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதுவே முதற் கேள்வியாக இருக்கலாமா என்பதே நமது சந்தேகம்.

வணிகக் கணிதம் எடுத்தால் நுண்கணிதத்திலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. ஆழியாற்றிலிருந்து நம் ஊருக்கு ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள்! நேரே ஏறினால் தூரம் குறையும். வண்டிக்குச் சரிவு தாங்காது. வளைந்து ஏறினால் தூரம் கூடும், சரிவு தணியும். சாலையின் ஒவ்வோரிடத்திலும் சரிவு எவ்வளவு என்று கேட்பது வகையீடு. சிறுகச் சிறுக ஏறியவற்றைக் கூட்டி மொத்த உயரம் காண்பது தொகையீடு. இவ்விரண்டும் இரு பாடங்களிலும் உண்டு. இன்னும் ஒரு கிலோ தேயிலை செய்வதற்கு எவ்வளவு கூடுதல் செலவாகும், விலை ஏறினால் தேவை எவ்வளவு குறையும் என்பவற்றை வணிகக் கணிதம் ஆராய்கிறது. வணிகமும் கணக்குப்பதிவியலும் விரும்பும் பிள்ளைக்கு அது தக்க கல்வி. அதில் இழிவு ஏதுமில்லை. கணிதப் பாடமோ கலப்பெண், வெக்டர் என்று மேலும் செங்குத்தாக ஏறுகிறது.

ஆனால் பாதை பிரிந்தபின் திரும்புவது அரிது. நம் மாநிலத்தின் பொறியியற் கலந்தாய்வில் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்துக்கு மட்டும் 100. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் தலைக்கு 50. வணிகக் கணிதத்துக்கு அங்கே இடமில்லை.

இதைச் சொல்லும்போது நமது பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் எதற்கெடுத்தாலும், "ஏன் சார்?" என்பாள். மதிப்பெண் நடுத்தரந்தான். பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை மனத்திற் கொண்டு, "உனக்கு இது போதும்" என்று அவளை எளிய பக்கம் திருப்பிவிட்டோம். நன்றாகவே தேறினாள். பிறகு பொறியியல் படிக்க ஆசையென்று தகப்பனாருடன் வந்து நின்றாள். கதவு சாத்தியிருந்தது. "கணக்கு எனக்கு வராதென்று நீங்கள்தானே சொன்னீர்கள், சார்?" என்றாள். அதிற் கோபம் இல்லை. அதனாலேயே நமக்கு இன்றும் உறுத்துகிறது.

"ஏன்?" என்ற கேள்வியே கணிதத்தின் உயிர் என்பதை நாம் அன்று மறந்தோம். நம் ஊரைத் தாண்டி மலக்கப்பாறை வழியே இறங்கும் சாலை சாலக்குடியை அடைகிறது. அதற்கு அருகிலுள்ள இரிஞ்ஞாலக்குடாவே சங்கமகிராம மாதவனின் ஊர் என்று பலர் கருதுகின்றனர். 1642இல் நியூட்டன் பிறப்பதற்கு இருநூறாண்டுகளுக்கு மேல் முன்னரே, முடிவிலாத் தொடர்களைக் கொண்டு வட்டத்தை அளந்த மேதை அவர். அம்மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530ஆம் ஆண்டளவில் 'யுக்திபாஷா'வை மலையாள மொழியிலேயே எழுதினார். விடைகளோடு நில்லாமல், அவை ஏன் சரியென்ற யுக்தியையும் விளக்கினார். நுண்கணிதம் நமக்கு அந்நியச் சரக்கு அன்று. தாய்மொழியில் அது விளங்காதென்பதும் வீண் பயமே.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முடிவு செய்யுமுன் இரண்டு தமிழ்ப் பாடநூல்களையும் வாங்கி, 'எல்லை' பற்றிய பகுதியைப் பிள்ளையின் முன் வையுங்கள். நாலைந்து நாள் விட்டு, புரிந்ததை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. தவறிய கணக்கை மூடி வைக்கிறானா, மறுநாளும் எடுத்துப் பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். மறுபடி எடுப்பவனுக்கு ஏற்றம் பெரிதல்ல. மனம் வேறு துறையில் இருந்தால் சந்தோஷமாக அதற்கே அனுப்புங்கள். பயத்தினால் மட்டும் பாதையை மாற்றிவிடாதீர்கள்.