நாரி நோவும் ஒரு 'படக்' சத்தமும்

நெட்டி முறிக்கிறது எங்கட ஊருக்குப் புதுசில்லை. சலூனில் தலைமயிர் வெட்டி முடிஞ்சதும் தலையை இரண்டு பக்கமும் திருகி ஒரு 'படக்' எடுத்துவிடுகிற அண்ணாமார் இன்னும் இருக்கினம். இப்ப அந்தப் 'படக்' போனுக்குள்ள வந்திருக்கு. ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார், இன்னொருவர் முதுகில் கையை வைத்து அமத்துகிறார், சத்தம் கேட்குது, படுத்திருந்தவர் சிரிச்சுக்கொண்டு எழும்புறார். கைரோபிராக்டரிடம் நேரில் போனவர்கள் எங்களுக்குள் மிகக் குறைவு. ஆனாலும் யாராவது நாரி நோகுதென்று சொன்னால், "எலும்பு விலகியிருக்கும், ஒருக்கா அமத்திவிட்டாச் சரி" என்று உடனே சொல்லிவிடுகிறோம்.

எங்களுக்குப் பிரச்சினை இந்த 'எலும்பு விலகின' கதையோடுதான். கையால் செய்கிற சிகிச்சையோடு கோபம் எதுவும் இல்லை.

கதை தொடங்கினது 1895 இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில். காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டானியல் டேவிட் பாமர், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முள்ளந்தண்டை அமத்த, அவருக்குக் காது கேட்டதாகச் சொன்னார். முள்ளெலும்பு இடம் மாறுகிறதுதான் அநேகமான நோய்களுக்கெல்லாம் காரணம் என்றொரு கொள்கையும் அதோடு பிறந்தது. அதற்குச் சான்று கிடைக்கவேயில்லை. இண்டைக்குக் கைரோபிராக்டர்களில் கனபேர் அந்தக் கொள்கையை விட்டுவிட்டு முதுகு நோ, கழுத்து நோ என்று தங்கள் வேலையைப் பார்க்கினம். சிலர் இன்னும் விடவில்லை.

அந்தச் சத்தம்? மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைய, அதற்குள் ஒரு வாயு வெற்றிடம் உண்டாகிறது. விரலில் நெட்டி முறிக்கும்போது நடப்பதும் இதுதான். 2015 இல் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குள் விரலை இழுத்தே காட்டினார்கள். எலும்பு ஏதும் வீடு திரும்புகிற சத்தமில்லை அது.

அப்ப நோ குறைகிறதெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசெம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டலில், முள்ளந்தண்டைக் கையால் அமத்துகிற சிகிச்சையும் மசாஜும் கொடுக்கக்கூடியவை என்ற பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் தனியாக இல்லை. உடற்பயிற்சி, நோவைப் பற்றின விளக்கம், மனநலத் துணை எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. இடுப்பில் கட்டுகிற பெல்ட் வேண்டாம் என்ற பக்கத்தில் இருக்கு. (எத்தனை வீட்டு அலுமாரிக்குள் அந்தப் பெல்ட் கிடக்குதோ!)

கை தருகிறது ஒரு ஆறுதல். நோ தணிகிற அந்த ஒரு நாளையோ இரண்டு நாளையோ வைத்து நாங்கள் என்ன செய்கிறோம் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கு. நடக்கத் தொடங்கலாம். குனிந்து தண்ணி வாளியைத் தூக்கலாம். முதல் அரைவாளி, பிறகு முழுவாளி. தசையும் எலும்பும் பாரத்துக்குப் பழகுகிற சாமான்கள். கட்டிலில் கிடக்கக் கிடக்க அவை பலவீனமாகும். நித்திரை கெட்ட கிழமையிலும், ரிசல்ட் வரப்போகிற கிழமையிலும் நோ கூடுகிறதைக் கவனித்திருப்பீர்கள். அதை 'மனப்பிரமை' என்று வீட்டில் சொல்லுவினம். நோ மூளைக்குள்தான் உருவாகிறது. பயமும் களைப்பும் அதைக் கூட்டும். அது பிரமையில்லை.

'எலும்பு விலகின' கதை அந்தப் பயத்துக்குத்தான் தீனி போடுகிறது. ஸ்கானில் டிஸ்க் தேய்ந்திருக்கென்று வந்தவுடன் இருபத்திரண்டு வயதுப் பெடியன் கிரிக்கெட்டை விட்டுவிடுகிறான். நோவே இல்லாத ஆட்களின் ஸ்கானிலும், இருபதுகளில் இருப்பவர்களில்கூட, அந்தத் தேய்மானம் சாதாரணமாகத் தெரியும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்வதில்லை. எங்கட உடம்பு எந்நேரமும் கழன்று விழப்போகிற பழைய சைக்கிள் என்று நம்பவைத்தால், அதைப் பூட்டுகிறவரிடம் ஆயுளுக்கும் போகவேண்டித்தான் வரும்.

ஆகவே கைரோபிராக்டரோ, முறிவு நெரிவு வைத்தியரோ, அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிற பிசியோதெரபிஸ்டோ, யாரிடம் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கோ: வீட்டில நான் என்ன செய்யவேணும்? எப்ப நான் உங்களிட்ட வராமல் விடலாம்? இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்து ஒரு வருசப் பக்கேஜை நீட்டினால், எழும்பி வாங்கோ.

கழுத்தை மட்டும் சலூன்காரரிடமோ கூட்டாளியிடமோ கொடுக்காதேங்கோ. சடாரென்று திருகும்போது மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அரிது, ஆனால் உண்டு. நாரி நோவோடு கவட்டுப் பகுதி விறைத்தால், சலம் போக முடியாமலோ அடக்க முடியாமலோ இருந்தால், கால் பலமிழந்தால், ஒருவரும் அமத்தத் தேவையில்லை. நேரே ஆஸ்பத்திரி.

இன்னொன்றும் இருக்கு. உடம்பைப் பலப்படுத்து, ஓடு, யோகா செய் என்று எல்லாம் தனி ஆளின் தலையில்தான் விழுகிறது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு மட்டும் புடவைக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு என்ன ஓட்டம்? கேரளத்தில் 2018 இலும் தமிழ்நாட்டில் 2021 இலும் கடை ஊழியர் இருப்பதற்கு இருக்கை கொடுக்கவேணுமென்று சட்டத்தையே திருத்தினார்கள். எங்கட ரவுண் கடைகளில் ஊழியருக்கு எத்தனை கதிரை கிடக்கென்று அடுத்தமுறை சாமான் வாங்கப் போகும்போது எண்ணிப்பாருங்கோ.

ரியூசன் கொட்டில்களுக்கும் வருவோம். சாய்மானமில்லாத வாங்கு, ஒரு வாங்கில் ஐந்து பேர், மடியில் கொப்பி, விடாமல் மூன்று மணித்தியாலம். சேர்மாரிடம் ஒரு விண்ணப்பம்: நடுவில் ஐந்து நிமிசம் விடுங்கோ. சிலபஸ் முடியாதென்று சொல்லுவீங்கள், தெரியும். அப்ப கடைசி வாங்குக்காரரையாவது எழும்பி நின்று எழுத விடுங்கோ. அவைக்குப் பின்னால ஒருவரும் இல்லை, போர்ட் மறைக்காது.