நஷ்டத்தைக் கணக்கிட நம் பக்கமும் ஓர் ஆள் வேண்டும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் மிளகும் சுக்கும் அரிசியும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் கணக்கு எழுதுவோரில் தமிழர் எத்தனையோ பேர். இன்ஷூரன்ஸ் எடுப்பவர் முதலாளி. பிரீமியத் தேதியை நினைவில் வைத்திருப்பவர் குமாஸ்தா. தீ பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ, சர்வேயர் வந்து நிற்கும்போது ஸ்டாக் ரிஜிஸ்தரை எடுத்து நீட்டுபவரும் அவரே. ஆனால் அந்தச் சர்வேயர் யார், யார் சார்பில் வருகிறார் என்பதை நம்மவரில் பலர் விசாரித்ததே இல்லை.

சர்வேயர் அரசாங்க அதிகாரி அல்ல. ஒழுங்குமுறை ஆணையத்தின் லைசென்ஸ் பெற்ற நஷ்ட மதிப்பீட்டாளர். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை இத்தகையவரே மதிப்பிட வேண்டும் என்பது 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64-யு.எம். பிரிவு. அவர் நடுநிலையோடு நடக்க வேண்டும் என்பதே விதி. அப்படி நடப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழக்கமாக அவரை அனுப்புவது கம்பெனி. பீஸ் கொடுப்பதும் கம்பெனி. நனைந்த மூட்டையில் எத்தனை தேறும், எத்தனை குப்பை என்று தீர்மானிக்கும் இடத்தில் கம்பெனிக்கு ஓர் ஆள் இருக்கிறார். நஷ்டப்பட்டவனுக்கு யார் இருக்கிறார்?

அமெரிக்காவில் இதற்கென்றே 'பப்ளிக் அட்ஜஸ்டர்' என்றொரு தொழில் இருக்கிறது. பாலிசிதாரர் சார்பில் நஷ்டத்தைக் கணக்கிட்டுக் கம்பெனியோடு பேசுபவர் அவர். புளோரிடா மாநிலம் இவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதோடு, கூலிக்கும் வரம்பு வைத்திருக்கிறது. புயல் போன்ற நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட காலத்துக் கிளெய்ம்களில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கிலாந்திலும் கம்பெனியின் ஆள் வேறு, பாலிசிதாரரின் ஆள் வேறு. நம் நாட்டிலோ பாலிசிதாரருக்காக வாதாடுவதற்கென்று லைசென்ஸ் பெற்ற தனி வகுப்பு கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் 'கிளெய்ம் கன்சல்டன்ட்' என்று சொல்லிக்கொண்டு, சதவீதக் கணக்குப் பேசிக் கையெழுத்துக் கேட்பவர்கள் நுழைகிறார்கள். கூலிக்கு வரம்பு இல்லை. தவறு செய்தால் பறிப்பதற்கு லைசென்ஸும் இல்லை.

நம் பக்கம் ஒருவர் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். கிட்டங்கியில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பாலிசி 6 லட்சத்துக்குத்தான். தண்ணீர் புகுந்து 2 லட்சம் நஷ்டம். பாலிசித் தொகைக்குள்தானே என்று முழுத் தொகையையும் எதிர்பார்ப்போம். வருவது 1 லட்சத்து 20 ஆயிரம். பத்துக்கு ஆறு பங்கே இன்ஷூர் செய்ததால், நஷ்டத்திலும் ஆறு பங்கே கொடுப்பார்கள். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில், குறை 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு இல்லை. ஆனால் மிளகு விலை ஏறும் வருஷத்தில் 15 சதவீதம் எந்த மூலைக்கு? விலை ஏறியதும் பாலிசித் தொகையையும் ஏற்றச் சொல்லி முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் குமாஸ்தாதான்.

இன்னொரு விஷயம், கொச்சிக் கோட்டை தோபிகானாவில் வெளுக்கும் நம் அன்பர்களுக்கானது. அங்கே வெயிலில் காய்வதும் பெட்டிக்குக் காத்திருப்பதும் பிறர் துணி. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பாலிசியில் தனியே சொல்லிச் சேர்க்காவிட்டால், தீ விபத்தில் அதற்குப் பணம் கிடைப்பது அரிது. கமிஷனுக்குச் சரக்கு வைத்து விற்பவர்களுக்கும் இதே கதிதான்.

தீ இந்தக் கரைக்குப் புதியதன்று. 1889-இல் 'சந்திரபானு' என்ற கப்பலில் பற்றிய நெருப்பு கரையோரக் கிட்டங்கிகளையும் வீடுகளையும் சாம்பலாக்கியது. இன்று நமக்கு பாலிசியாவது இருக்கிறது. அதன் பலன் முழுமையாகக் கைக்கு வர வேண்டுமானால், பாலிசிதாரரின் மதிப்பீட்டாளருக்கும் லைசென்ஸும் கூலி வரம்பும் வைத்து ஆணையம் ஒரு விதி செய்யவேண்டும். பஜாரின் வியாபாரிகள் சங்கங்கள் இதைக் கேட்கலாம். பத்துக் கடைகள் சேர்ந்து அனுபவமுள்ள ஒரு கணக்கரை வைத்துக் கொள்ளவும் தடையில்லை.

அதுவரை குமாஸ்தாவே நம் அட்ஜஸ்டர். ரிஜிஸ்தரின் நகல் கிட்டங்கிக்கு வெளியே, வேறொரு கட்டிடத்தில் இருக்கட்டும். சரக்கோடு கணக்கும் எரிந்துவிட்டால் யார் வந்தும் பயனில்லை. சர்வேயர் பார்க்கும் முன் எதையும் அப்புறப்படுத்த வேண்டாம்; அழுகல் பரவி அப்புறப்படுத்தியே தீரவேண்டுமானால், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் படம் எடுத்துக்கொண்டு செய்க. சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அந்த ரிப்போர்ட் முடிந்த முடிவல்ல என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தனக்குப் பிடித்த ரிப்போர்ட் கிடைக்கும்வரை கம்பெனி சர்வேயர்களை மாற்றிக்கொண்டே போக முடியாது என்பதும் அதே ஆண்டுத் தீர்ப்பு. 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரில் பண நெருக்கடியால் கையெழுத்திட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று நிரூபித்தால் வழக்குக்கு இடமுண்டு என 1999-இல் அதே கோர்ட் கூறிவிட்டது.

கம்பெனி கொடுத்த பதில் திருப்தியில்லை என்றாலோ, புகார் எழுதி ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ, எர்ணாகுளத்தில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. வீட்டுப் பாலிசிக்காரர்களும் தனி உரிமையாளர் கடைக்காரர்களும் அங்கே போகலாம். 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். வக்கீலுக்கோ சதவீதக்காரருக்கோ அங்கே வேலையில்லை. பாலிசிதாரரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கட்டணமும் கிடையாது.