'டமடம' புல்லட்: பையனுக்கு அபராதம், பட்டறைக்கு?

மணலிவாசிகளுக்கு புல்லட் சத்தம் புதிதல்ல. பக்கத்துத் திருவொற்றியூரில் என்பீல்டு கம்பெனி 1950-களிலேயே வந்துவிட்டது. ஆனால் கம்பெனி சைலென்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்புத் தகடு இல்லாத வெறுங்குழாயை மாட்டிக்கொண்டு ராத்திரியில் 'டமடம' என்று பறப்பது வேறு சங்கதி. கன்டெய்னர் லாரி இரைச்சலோடு இதுவும் சேர்ந்தால், ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளி எப்படித் தூங்குவார்?

சட்டம் சும்மா இல்லை. 2019 திருத்தப்படி, ஒலி வரம்பை மீறி வண்டி ஓட்டினால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்! லைசென்சும் 3 மாதம் போய்விடும்.

சரி, ரோட்டில் மடக்கினால் சிக்குவது பையன் மட்டும். காசு வாங்கிக்கொண்டு குழாயை மாட்டிவிட்ட பட்டறைக்காரர் அடுத்த வண்டிக்கு ஸ்பானர் எடுத்திருப்பார். அதிகாரிகள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டறையைத்தான்!