வெண்பனியும் வேலியும்

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

நார்வே நாட்டின் குளிர்காலப் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெண்பனி. நடுவே கம்பளி உடுத்த ஒரு மனிதர். அவருக்கு முன்னே வாலைச் சுருட்டியபடி ஒரு நாய். காலண்டரில் இப்படத்தைப் பார்க்கும் நாம், "கொடுத்து வைத்தவர்கள்! வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு" என்று எண்ணி அடுத்த தாளைப் புரட்டிவிடுகிறோம். அந்த எண்ணம் சரியன்று என்பது என் கருத்து. அப்படத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மனிதர் யாருடைய நிலத்தில் நடக்கிறார்?

அது அவருடைய நிலமாக இருக்க வேண்டியதில்லை. முன்பின் அறியாத ஓர் உழவரின் வயலாக இருக்கலாம். மேய்ச்சல் புல்வெளியாக இருக்கலாம். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கட்டணமும் செலுத்தவில்லை. ஆயினும் அவர் அத்துமீறி நுழைந்தவர் அல்லர். சட்டமே அவருக்கு அங்கே வழிவிட்டிருக்கிறது.

1957ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் நார்வேயில் திறந்தவெளி வாழ்வு பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காடு, மலை, பயிரிடாத வெளி ஆகியவை ஒரு வகை. இங்கே ஆண்டு முழுவதும் எவரும் நடக்கலாம். உழுது பயிரிடும் வயல், புல் வளர்க்கும் நிலம், வீட்டைச் சுற்றியுள்ள இடம் ஆகியவை மற்றொரு வகை. இவற்றுள் வயலிலும் புல்நிலத்திலும், மண் உறைந்தோ பனி மூடியோ இருக்கும் காலத்தில் எவரும் நடந்து செல்லலாம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை மட்டும் கூடாது. வீட்டு முற்றத்தில் எக்காலத்திலும் இந்த உரிமை இல்லை. இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிட்ட வயலில், பனியின் மேல் நடப்பதாலும் பெருஞ்சேதம் வரும் என்றால், உரிமையாளர் தடை செய்யலாம்.

இந்தச் சட்டத்தின் அழகு அதன் நியாயத்தில் இருக்கிறது. வேலி எதற்காக? பயிரைக் காப்பதற்காக. கோடையில் பயிர் நிற்கிறது. அப்போது வேலிக்குப் பொருள் உண்டு. குளிர்காலத்தில் அறுவடை முடிந்துவிட்டது. மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. அதன் மேல் பனி போர்த்திக் கிடக்கிறது. ஒருவர் நடப்பதால் உழவர் இழப்பது என்ன? ஒன்றுமில்லை. கேடு விளையாத இடத்தில் தடை எதற்கு என்று அந்நாட்டார் கேட்டார்கள்; அந்தக் கேள்வியையே சட்டமாக எழுதினார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் இதே உரிமை வழக்கமாக வேரூன்றியிருக்கிறது. சுவீடன் 1994இல் அதை அரசியலமைப்பிலேயே சேர்த்தது.

இனி நாய்க்கு வருவோம். நாய் வளர்ப்பவருக்கு நடை ஆடம்பரம் அன்று, அன்றாடக் கடமை. டிசம்பரில் ஆஸ்லோ நகரத்தில் பகல் சுமார் ஆறு மணி நேரமே. வேலை முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். வாகன விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் சிறு தகட்டை மேலங்கியில் மாட்டிக்கொண்டு, பனியென்றும் இருளென்றும் பாராமல் நாயோடு புறப்பட்டாக வேண்டும். சொந்தத் தோட்டம் உள்ளவருக்குக் கவலையில்லை. மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார்? வழி எல்லாருக்கும் திறந்திருந்தால்தான் ஏழை வீட்டு நாயும் ஓட முடியும்.

பனியில் வெறுங்காலோடு ஓடும் நாயின் பாதம் ஏன் உறைவதில்லை? விலங்கியல் மாணவர்களுக்கு இது சுவையான கேள்வி. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயின் பாதத்து இரத்தக் குழாய்களை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து விளக்கினார்கள். பாதத்துக்குச் சூடான இரத்தம் கொண்டுவரும் தமனிகளும், குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளும் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. தமனியின் வெப்பம் பக்கத்துச் சிரைக்கு மாறிவிடுகிறது. ஆகவே குளிர்ந்த இரத்தம் அப்படியே உடலுக்குள் போய்ச் சேருவதில்லை. உடலின் சூடு காக்கப்படுகிறது. பனியில் நிற்கும் பெங்குவினின் காலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இதை நம்பி நாயை வருத்தவும் கூடாது. குட்டை உரோமம் உள்ளவை, வயதானவை, சிறிய உடல் கொண்டவை விரைவில் நடுங்கிவிடும். விரல்களுக்கிடையே பனி உருண்டு கட்டிக்கொள்ளும். சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கால் கழுவிவிட வேண்டும்.

பனிவெளி உயிரற்ற வெளி என்று நினைப்பதும் தவறு. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் மேலே கடுங்குளிர் வீசினாலும், ஆழ்ந்த பனிக்கு அடியில் மண்ணை ஒட்டிய இடம் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியிலேயே இருக்கும். அந்த இடுக்கில் எலியினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் வளை அமைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நடந்துகொண்டிருக்கும் நாய் திடீரென்று நின்று, தலையைச் சாய்த்துப் பனியை உற்றுக் கேட்கிறது என்றால், மனிதன் அறியாத ஒரு குடியிருப்பை அது கண்டுகொண்டது என்று பொருள்.

இங்கேதான் எதிர்வாதமும் எழுகிறது. "மனிதன் சட்டம் அறிவான்; நாய் அறியுமா? ஆட்டைத் துரத்தாதா? பறவைக் கூட்டைக் கலைக்காதா?" என்று நிலக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கும் நார்வேயில் விடை உண்டு. 2003ஆம் ஆண்டின் நாய்ச் சட்டப்படி ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 20 வரை நாயைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும். காட்டுயிர்கள் குஞ்சும் குட்டியும் வளர்க்கும் பருவம் அதில் அடங்கும். மற்றக் காலத்திலும் அவிழ்த்துவிட்டு மறந்துவிட முடியாது. கட்டுப்பாடு விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. காட்டுயிர்க்குத் தொல்லை நேராமல் காப்பது வளர்ப்பவரின் பொறுப்பு. ஆழ்ந்த பனியில் ஒரு மான் துரத்தப்பட்டால், குளிர்காலத்துக்கென்று அது உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு அந்த ஓட்டத்தில் கரைகிறது. வேலியை நீக்கிய கை கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். உரிமையும் கடமையும் சேர்ந்தே நிற்கும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த உரிமை எல்லா நாட்டிலும் தானாகக் கனியவில்லை. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம், பறவை வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் மான்செஸ்டர் பகுதி இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே ஏறி நடந்தார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன். அப்போது அவருக்கு வயது இருபது. ஐந்து பேர் சிறை சென்றார்கள். ராத்மனுக்கு நான்கு மாதம். மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் நடக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் தந்தது. ஸ்காட்லாந்து 2003இல் அதைவிடப் பரந்த உரிமையைத் தந்தது. என் வயதுக்காரர் ஒருவர் நடந்ததற்காகச் சிறை சென்றார் என்று படித்த பிறகு, 'நடை' என்ற சொல்லை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

பனியைக் கண்ணால் காணாதவனுக்கு இவற்றில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. பிறர் வரப்பில் நடக்கும்போது "யாரது?" என்ற அதட்டல் வருமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைப்பவர்களுக்கு, ஒரு நாட்டின் சட்டம் "நட" என்று சொல்வது எவ்வளவு பெரிய சொல் என்பது புரியும்.

நண்பர்களே! நிலம் ஒருவருக்கு உடைமையாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. விளைச்சல் அவருக்கே உரியது. ஆனால் கேடு செய்யாத காலடிக்கும் கணக்குக் கேட்கும் உடைமை அறமாகாது. பனி விழுந்தால் வரப்பும் எல்லைக்கல்லும் மறைந்துபோகும், அது இயற்கை. அந்த மறைவை மதித்து, மண் உறைந்திருக்கும் வரை இங்கே எவரும் நடக்கலாம் என்று எழுதிவைத்தது மனித அறிவு. நாகரிகத்தை அளக்கக் கட்டடங்களின் உயரத்தைப் பார்க்க வேண்டாம். சொந்த நிலமில்லாத ஒருவர், தம் நாயோடு, அச்சமில்லாமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்த்தால் போதும்.