ஆங்கிலமே ஆக்கந்தரும் என்பார் கூற்று மறுப்பு

கென்யா நாடு ஆங்கிலர் ஆட்சியினின்றும் 1963-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் விடுதலை எய்திற்று. எய்தியும், நாற்பதின் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்நாட்டில் ஒற்றுமைக்கும் ஆக்கத்திற்கும் ஆங்கிலமே துணையாம் என்பார் ஒழிந்தாரல்லர். அவர் கூற்றுப் பொருந்துமாறில்லை.

என்னை? அம்மொழி ஆங்கு வேரூன்றிய முறையை முதற்கண் நோக்குக. 1952-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின், நாட்டுப்பற்றாளர் நடத்திவந்த பள்ளிகளை அரசினர் தங் கைப்படுத்தினர். கிகூயூ மொழி பேசிய சிறார் பிரம்படி பெற்றனர். 'யான் மூடன்' என்னும் பொருள்பட எழுதிய தகடு அவர் கழுத்தில் தூக்கப்பட்டது. ஈன்றாள் மொழியைப் பேசுதற்கு இத்தண்டம்! அக்காலத்து ஆண்டுப் பயின்று, 2025-இல் மறைந்த கூகி வா தியாங்கோ என்னும் நூலாசிரியர் இதனை எழுதிவைத்துள்ளார்.

ஆங்கிலப் புதினங்களாற் புகழ்பெற்ற அவர்க்கு 1977-இல் நேர்ந்தது பெரிதுங் கருதற்பாலது. புதிய ஆட்சியாளரைக் கடுமையாக இடித்துரைக்கும் புதினமொன்றை அவ்வாண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன்பொருட்டு அவரைச் சிறைப்படுத்தினார் இலர். அவ்வாண்டிலேயே கூகி வா மிரீ என்பாருடன் கூடி, தன் ஒன்றரை ஏக்கர் நிலத்தைச் செல்வன்பால் இழக்கும் உழவனொருவன் கதையைக் கிகூயூ மொழியில் நாடகமாக்கினார். காமிரீத்து என்னும் அவர்தஞ் சிற்றூரில் உழவரும் ஆலைத்தொழிலாளரும் தாமே அரங்கமைத்துத் தாமே நடித்தனர். ஆசிரியர் எழுதிய மொழியையும் உழவரே திருத்தினர். சில கிழமைகளுள் அரசினர் உரிமத்தை மீட்டனர். திசம்பர் 31-இல் ஆசிரியரைப் பிடித்து, வழக்கின்றியே ஓராண்டளவுஞ் சிறையில் வைத்தனர். 1982-இல் அரங்கும் இடிக்கப்பட்டது. இவை செய்தார் வெள்ளையரல்லர். விடுதலை பெற்ற நாட்டின் ஆட்சியாளரே. ஆங்கிலத்தில் உரைத்தஞான்று வாளாவிருந்தவர், உழவர்க்கு விளங்கும் மொழியில் உரைத்தஞான்று நடுங்கினர். தாய்மொழிக்கு ஆற்றலின்று என்பார்க்கு எதிர்ச்சான்று வேறு வேண்டுமோ?

சிறையிற் கிடைத்த கழிப்பறைத் தாளிலேயே அவர் கிகூயூப் புதினமொன்று வரைந்தார். அது 1980-இல் அச்சேறிற்று.

அற்றேல், ஒற்றுமைக்கு வழி யாதெனின், சுவாகிலி மொழி உளது என்க. 2010-ஆம் ஆண்டின் அரசமைப்பு அதனை நாட்டுமொழி என்றது. ஆங்கிலத்தோடு ஒப்ப ஆட்சிமொழியும் ஆக்கிற்று. ஏனை மொழிகளைப் பேணி வளர்த்தலும் அரசின் கடன் என விதித்தது. விதி ஏட்டில் உளது. ஆயினும் உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஆங்கிலம் அறியா உழவன் தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைப் பிறர் வாயிற் கேட்டே அறிதல் வேண்டும். ஆக்கம், ஆக்கம் என்று ஓயாதுரைப்பார் அவ்வுழவனை எக்கணக்கில் வைத்தனர்?